சாட்சிக் கூட்டின் முன்னால்
(வழக்காடும் கலை பற்றி உயர்தர மாணவியருக்குச் சில குறிப்புகள்)

தமிழ் இலக்கியத்தில் ஒரு வழக்கு விசாரணையைப் படிக்க வேண்டுமென்றால் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வரும் காதையின் பெயரே வழக்குரை காதைதான். கணவனை இழந்த ஒரு பெண், ஊர் புதிது, துணைக்கு ஒருவருமில்லை. கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குள் நுழைகிறாள். எதிரில் நீதிபதி, அவரே எதிரியும்கூட. சட்டத்தரணி கிடையாது. சில நிமிடங்களில் வழக்கை வென்று விடுகிறாள்.

அந்தக் காட்சியை அழகுக்காகப் பலமுறை படித்திருப்போம். ஒரு தடவை சட்டக்கல்லூரி மாணவியின் கண்ணோடு படித்துப் பாருங்கள். முதலில் அவள் தன்னை அறிமுகப்படுத்துகிறாள். எந்த ஊர், அந்த ஊரின் அரசர்கள் நீதிக்காக என்ன செய்தார்கள், தன் கணவன் யார், எதற்காக மதுரைக்கு வந்தான் என்பவற்றை வரிசையாகச் சொல்கிறாள். அழுகை இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஆனால் ஒழுங்கு குலையவில்லை. அரசன் கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று ஒரு பொது விதியைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான். அவள் அந்த விதியோடு மோதவில்லை. கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இறங்கியிருந்தால் மாலைவரை பேசியிருக்கலாம், வென்றிருக்க முடியாது. அவள் வழக்கை ஒரே ஒரு பௌதிகப் பொருளுக்குள் சுருக்குகிறாள்: சிலம்பின் உள்ளே இருப்பது என்ன? தன்னுடையதில் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்று அரசன் சொல்கிறான். சிலம்பு வருகிறது, உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது.

இங்கே ஒரு குறையும் சொல்ல வேண்டும். கண்ணகி தன் பக்கத்தை முதலில் வெளியிட்டு விடுகிறாள். இன்றைய சட்டத்தரணி ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், “உங்கள் அரசியின் சிலம்பில் உள்ள பரல் என்ன?” என்று முதலில் கேட்டு, அந்தப் பதிலைப் பதிவில் ஏற்றிய பின்னரே தன்னுடையது மாணிக்கம் என்று சொல்லியிருப்பார். பாண்டியன் பொய்யனாக இருந்து “எங்களதும் மாணிக்கமே” என்றிருந்தால் அவளுடைய பாடு சிரமமாகியிருக்கும். அவன் பிழை செய்தவன், ஆனால் பொய்யன் அல்லன். எதிர்த்தரப்புச் சாட்சியின் நேர்மையை நம்பி வழக்கு நடத்த முடியாது என்பதால்தான் கேள்விகளின் வரிசை இத்தனை முக்கியமாகிறது.

இன்னொரு குறிப்பு. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு அரசன் ஆணையிட்டான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அலி (ரழி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒருவர் சொல்வதைக் கேட்டது போல மற்றவர் சொல்வதையும் கேட்கும்வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மதுரை அவையில் அந்த ஒரு விடயம்தான் தவறிப்போனது.

இனி நம் நாட்டு நீதிமன்றத்துக்கு வருவோம்.

இலங்கையில் ஒரு சாட்சி எவ்வாறு விசாரிக்கப்பட வேண்டும் என்பதை 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அழைத்த தரப்பு முதலில் கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு கேட்பது குறுக்கு விசாரணை. குறுக்கு விசாரணையில் எழுந்த சந்தேகங்களைத் தெளிவுபடுத்த மீண்டும் அழைத்தவர் கேட்பது மீள் விசாரணை. இந்த மூன்றில் சினிமாவில் நாம் பார்ப்பது இரண்டாவதை மட்டுமே. மேசையில் அடித்துக் கத்துவது போன்ற காட்சிகளை ஒரு கனம் நீதவான் முன்னால் செய்து பார்த்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையில் கடினமானது முதல் விசாரணைதான். அதில் பதிலை வாயில் ஊட்டும் கேள்வியைக் கேட்கக் கூடாது. “நீங்கள் அன்று இரவு சிவப்புப் படகைக் கண்டீர்கள்தானே?” என்று உங்கள் சாட்சியிடம் கேட்டால் எதிர்த்தரப்பு உடனே ஆட்சேபிக்கும். “அன்று இரவு எங்கே இருந்தீர்கள்? அங்கிருந்து என்ன தெரிந்தது? அதன் நிறம் என்ன?” என்று கேட்க வேண்டும். யார், எங்கே, எப்போது, என்ன, அதன்பின் என்ன. இவ்வளவுதான். கேட்பதற்கு இலகுவாகத் தெரியும். வீட்டில் உங்கள் தம்பியைச் சாட்சியாக நிறுத்தி, அவன் பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்த கதையை ஒரு தடவைகூடப் பதிலை ஊட்டாமல் வெளியே எடுக்க முயன்று பாருங்கள். ஐந்தாவது கேள்விக்குள் “அப்போ மழை பெய்தது, என்ன?” என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

குறுக்கு விசாரணையில் நிலைமை தலைகீழ். அங்கே ஆம், இல்லை என்ற பதிலுக்கு இட்டுச் செல்லும் கேள்விகளைச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்று சொல்வது போதாது, அதுவே அதன் உயிர். ஒரு கேள்வியில் ஒரு விடயம் மட்டும். “ஏன்”, “எப்படி” என்று கேட்கவே கூடாது.

ஓர் உதாரணம் கற்பனை செய்வோம். கிண்ணியாக் கரையில் இரவு பதினொரு மணிக்கு ஒரு படகின் இயந்திரம் களவு போகிறது. நாற்பது யார் தூரத்திலிருந்து நிலவு வெளிச்சத்தில் களவெடுத்தவரைக் கண்டதாக ஒரு மீனவர் சாட்சி சொல்கிறார். நீங்கள் எதிரியின் சட்டத்தரணி. புதியவர் ஒருவர் எழுந்து, “அவ்வளவு தூரத்தில் எப்படி அடையாளம் கண்டீர்கள்?” என்று கேட்பார். சாட்சி சொல்வார்: “அவரும் நானும் பத்து வருசம் ஒரே தோணியில தொழில் செய்தோம். அவருட நடையே எனக்குத் தெரியும்.” முடிந்தது. உங்கள் கட்சிக்காரரை நீங்களே சிறைக்கு அனுப்பிவிட்டீர்கள்.

அனுபவசாலி வேறு விதமாகக் கேட்பார். நீங்கள் ஐவேளைத் தொழுகையாளி. ஆம். பிறைக் கணக்கு உங்களுக்குத் தெரியும். தெரியும். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது தெரியாமல் முடியாது. உண்மைதான். அன்று பிறை நான்கு. ஆம். பிறை நான்கில் நிலவு மேற்கே இருக்கும். ஆம். இஷாவுக்குப் பிறகு அதிக நேரம் நிற்காது. நிற்காது. கரையில் அந்த இடத்தில் மின்விளக்கு இல்லை. இல்லை. இத்தோடு உட்கார்ந்துவிட வேண்டும். “அப்படியானால் எப்படிக் கண்டீர்கள்?” என்ற கேள்வி நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய இடம் தொகுப்புரை. அப்போது பதில் சொல்லச் சாட்சி கூட்டில் இருக்க மாட்டார்.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1858இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கன், ஜனாதிபதியாவதற்கு முன் சட்டத்தரணியாக இருந்த காலத்தில், ஆம்ஸ்ட்ரோங் என்ற இளைஞனுக்காக நடத்திய கொலை வழக்கில் செய்தது இதைத்தான். இரவு பதினொரு மணியளவில் உயரத்தில் நின்ற நிலவின் வெளிச்சத்தில் கண்டேன் என்றார் சாட்சி. லிங்கன் அவரை அதே கூற்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் நிலவு அடிவானை நெருங்கிக்கொண்டிருந்தது. இளைஞன் விடுதலையானான். லிங்கனுக்குப் பஞ்சாங்கம் தேவைப்பட்டது. பிறை பார்த்து நோன்பு பிடித்து வளர்ந்த நமக்கு அந்தக் கணக்கு மனதிலேயே இருக்கிறது.

ஆயினும் கேள்வி கேட்கும் சாமர்த்தியம் வழக்கின் மேற்பரப்புத்தான். அதன் அடியில் கிடக்கும் உழைப்பைப் பார்க்க வேண்டுமானால் நம் நாட்டின் சதாசிவம் வழக்கைப் படிக்க வேண்டும். மகாதேவ சதாசிவம் இலங்கைக் கிரிக்கெட்டின் பெரிய பெயர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். அடுத்த ஆண்டு பிரட்மனின் அணி கொழும்பில் இறங்கி விளையாடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி அவருடைய மனைவி பம்பலப்பிட்டியிலுள்ள வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் வாகனக் கொட்டகையில் கிடந்தது. கணவன் மனைவிக்கிடையே விவாகரத்துப் பிணக்கு இருந்தது. வீட்டு வேலையாள் வில்லியம் தலைமறைவாகி, பின் பிடிபட்டு, நிபந்தனையுடனான மன்னிப்புப் பெற்று அரசதரப்புச் சாட்சியானார். சதாசிவம் மேல் மாடியறையில் கொலை செய்தார், நான் உதவினேன் என்பது வில்லியத்தின் கதை.

எதிரிக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர், பின்னாளில் 1972 அரசியலமைப்பை வரைவதில் தலைமை வகித்தவர். அவருடைய கலாநிதிப் பட்டம் வரலாற்றில். ஆனால் அந்த வழக்கில் முக்கிய கேள்விகள் எல்லாம் வைத்தியத்தில் இருந்தன. உடல் எந்த வேகத்தில் குளிர்ந்தது, மரணம் எத்தனை மணிக்கு நிகழ்ந்தது. ஏனென்றால் சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தார். மரணம் அதற்கு முன்னா பின்னா என்பதில்தான் அவருடைய தலை தங்கியிருந்தது. அரசதரப்பில் சாட்சி சொன்னவர் சட்ட வைத்தியப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம், தன் துறையில் மிக மதிக்கப்பட்டவர். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமென்றால் அவருடைய பாடத்தை அவரளவுக்குப் படித்தாக வேண்டும். டி சில்வா படித்தார். எடின்பரோவிலிருந்து பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித் எதிரிதரப்பு நிபுணராக வந்து சாட்சியமளித்தார்.

அந்த வழக்கில் எனக்கு மறக்க முடியாதது உடலின் வெப்பநிலை பற்றிய விவாதமல்ல, பாதங்கள். இறந்தவரின் உள்ளங்கால்களில் அழுக்குப் படிந்திருந்தது. மாடியறையில் கொல்லப்பட்டுக் கீழே தூக்கி வரப்பட்ட ஒருவரின் பாதத்தில் அது எப்படி வந்தது? அவர் வெறுங்காலோடு சமையலறைத் தரையில் நடந்திருக்கிறார், சம்பவம் கீழேதான் நடந்தது என்று எதிரிதரப்பு வாதிட்டது. சமையலறை வில்லியம் வேலை செய்த இடம். ஒரு சமையலறைத் தரை எப்படி இருக்கும், அதில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் என்னவாகும் என்பது பெண்பிள்ளைகளாகிய நமக்குப் பேராசிரியர் வந்து சொல்லித் தர வேண்டிய விடயமா? நீதியரசர் கிரேஷன் முன்னிலையில் 57 நாட்கள் நடந்த விளக்கத்தின் முடிவில், 1953 ஜூனில், யூரர்கள் சதாசிவத்தைக் குற்றமற்றவர் எனக் கண்டனர்.

சூறா யூசுபை ஓதியவர்களுக்கு இவ்வகைச் சான்று புதிதல்ல. யூசுப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டபோது அந்தப் பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே ஒரு சோதனையை முன்வைக்கிறார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை. பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. கண்டவர் ஒருவரும் இல்லாத இடத்தில் துணி சாட்சி சொல்கிறது. கவனியுங்கள், அவர் சட்டையைப் பார்த்துவிட்டு விதியைச் சொல்லவில்லை. விதியைச் சொன்ன பிறகே சட்டை பார்க்கப்படுகிறது.

நமது மாவட்டத்துக்கு உரிய இன்னொரு வழக்கையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி மூதூர்ப் பகுதியில் கிளிவெட்டிக்கு அருகிலுள்ள குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளுமாக 24 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு மூதூர் நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கிப் பின்னர் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலையில், அதாவது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, இராணுவ கோப்ரல்கள் ஆறு பேர் யூரர்களால் விடுதலை செய்யப்பட்டனர். தீர்ப்பின் சரி பிழையை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையல்ல. ஒரு சாட்சியின் நிலையிலிருந்து மட்டும் பாருங்கள். சிறுபிள்ளையாகவோ இளந்தாயாகவோ இருந்தபோது கண்டதை, இருபது வருடம் கழித்து, ஊரை விட்டு வெகுதூரத்திலுள்ள மண்டபத்தில், மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பில் தயக்கம் போய்விடும், அழுத்தம் போய்விடும். “அப்படித்தான் நினைக்கிறன்” என்ற ஒரு கிராமத்துப் பெண்ணின் உறுதியான பேச்சுவழக்கு, மறுமொழியில் சந்தேகமாக மாறிவிடலாம்.

ஆகவே நம் பகுதியில் வழக்காட நினைப்பவர் இரு மொழிகளையும் நன்றாகக் கற்க வேண்டும் என்பது வேலைவாய்ப்புக்கான அறிவுரை அல்ல. வடக்கு கிழக்கில் முதலேற்பு நீதிமன்றங்களின் மொழி தமிழ். ஆனால் பொலிஸில் கொடுக்கப்படும் வாக்குமூலம் எப்போதும் அப்படியிருப்பதில்லை. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவர் கையொப்பமிடுவது நடக்கிறது. பின்பு நீதிமன்றத்தில், “அன்று வாக்குமூலத்தில் இப்படிச் சொல்லவில்லையே” என்று முரண்பாடு காட்டப்படும்போது சாட்சி திகைத்து நிற்பார். அந்தச் சிங்கள வாக்கியத்தைத் தானே வாசித்து, இந்தச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று எழுந்து சொல்லக்கூடிய ஒரு சட்டத்தரணி அவருக்கு அப்போது தேவை.

பெண்பிள்ளைகளுக்கு இத்தொழில் பொருந்துமா என்று இன்னும் சில உம்மாமார் கேட்கிறார்கள். குரல் சிறியது, கூச்சம் அதிகம் என்கிறார்கள். கேரளத்துப் பத்தனம்திட்டையில் பிறந்த பாத்திமா பீவி 1950இல் சட்டத்தரணியாகப் பதிவு செய்து கொல்லத்தின் கீழ் நீதிமன்றங்களில் தொடங்கினார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதலாவது பெண் நீதியரசரானார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். நம் நாட்டில் முஸ்லிம் பெண்கல்விக்கு வித்திட்ட அறிஞர் சித்திலெப்பை, 1885இல் அசன்பே சரித்திரம் எழுதியவர், தொழிலால் ஒரு சட்டத்தரணி என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளலாம். குரலைப் பொறுத்தவரை, சத்தம் தேவையில்லை. பதிவு செய்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும், சாட்சியின் பதில் முடியும்வரை பொறுக்க வேண்டும். பொறுமையில் நாம் ஆண்களுக்குக் குறைந்தவர்களா என்ன?

பழகுவதற்குப் பணம் செலவில்லை. நமது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள், சில விலக்குகள் தவிர, பொதுமக்களுக்குத் திறந்தவை. விடுமுறையில் வாப்பாவோடோ நானாவோடோ திருகோணமலை நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வாங்கில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருங்கள். வழக்கின் முடிவைக் கவனிக்க வேண்டாம். எந்தக் கேள்விக்குச் சாட்சி நீண்ட பதில் சொன்னார், எந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் நிறுத்தினார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் அரைமணி நேரம் தவணை கேட்பதிலேயே போகும், சலிக்க வேண்டாம்.

இத்திறமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உம்மு ஸலமா (ரழி) அவர்கள் வழியாக ஒரு செய்தி வருகிறது. வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்தில் வல்லவராக இருக்கக்கூடும், கேட்டதை வைத்து நான் தீர்ப்பளித்துவிடலாம், ஆனால் அதன் மூலம் சகோதரனின் உரிமையைப் பெற்றவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என்பது அதன் கருத்து. நாவன்மையால் தீர்ப்பு திசைமாறலாம் என்பதை அண்ணலாரே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சான்றுச் சட்டமும் தன் அளவில் வேலி போடுகிறது. நியாயமான அடிப்படை இல்லாமல் ஒருவரின் நடத்தையைத் தாக்கும் கேள்வி, அவமதிக்கும் நோக்கத்துடன் கேட்கும் கேள்வி ஆகியவற்றை நீதிமன்றம் தடுக்கலாம். பாலியல் வழக்குகளில் ஒரு பெண்ணைக் கூட்டில் நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்த வேலி எத்தனை தடவை தாண்டப்படுகிறது என்பது தெரியும். அங்கே எழுந்து ஆட்சேபிக்கச் சட்டப் பிரிவின் இலக்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும். தேடிக்கொண்டிருந்தால் பதில் வந்துவிடும், காயமும் ஆகிவிடும்.

கடைசியாக, சட்டத்தரணியாகப் போகாதவர்களுக்கும் இது ஏன் தேவை என்பது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஒருவர் தோன்ற முடியாது. காதியாக நியமிக்கப்படுபவர் ஓர் ஆண் என்றும் அச்சட்டம் சொல்கிறது. இதைத் திருத்துவது பற்றிய விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது, அது வேறொரு கட்டுரைக்குரியது. நாம் இன்று பார்க்க வேண்டியது, தாபரிப்புக் கேட்டோ பஸஹ் கேட்டோ அங்கே போகும் பெண் தன் வழக்கைத் தானே பேச வேண்டும் என்பது. அவளே சட்டத்தரணி, அவளே சாட்சி.

அப்படிப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அழுதுகொண்டு எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்குவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் பிள்ளையின் பழைய கணிதக் கொப்பி ஒன்றைக் கொண்டு போயிருந்தாள். இரண்டு வருடத்தில் எந்தத் திகதியில் எவ்வளவு பணம் வந்தது, எந்த மாதம் வரவில்லை, பிள்ளைக்கு எப்போது காய்ச்சல், மருந்துக்கு எவ்வளவு, யாரிடம் கடன் வாங்கினாள் என்று வரி வரியாக எழுதியிருந்தாள். கணவர் தான் மாதாமாதம் தவறாமல் கொடுத்ததாகச் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. அவர் முடித்த பிறகு, “போன றமழானில் எத்தனாம் திகதி தந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். அவருக்குப் பதில் வரவில்லை. அவள் கொப்பியைத் திறந்து காதியாரின் பக்கம் திருப்பி வைத்தாள்.